நுரை விலகும் நேரம்

ஜோஷ்வாவுக்கான நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் நான் வேலைக்குத் திரும்பினேன்.

கூடுவாஞ்சேரியில் டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு பேர் இருந்தோம். ஜோஷ்வா போனபின் ஐந்து. இறால் குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து, குறைந்தால் ஏரேட்டரைத் தானாகவே ஓடவிடும் பெட்டிகளைச் செய்து விற்கிறோம். ஏரேட்டர் என்பது தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரம். அது ஓட வேண்டிய நேரத்தில் ஓடாவிட்டால் ஒரு குளத்து இறால் முழுவதும் ஒரே காலையில் செத்துப்போகும்.

பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கணினிப் பலகை. அதில் ஓடும் மென்பொருளைக் கட்டித் தருவது என் கணவர் ஜோஷ்வாவின் வேலை. கட்டியதைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. ஒன்பது வருடம் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில். அதில் ஆறு வருடம் கணவன் மனைவி. அலுவலகத்தில் நான் கண்டுபிடித்த குறையை வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது மறுப்பார். மறுநாள் காலையில் சத்தமில்லாமல் திருத்திவிடுவார்.

முதலாளி தாமோதரன் சென்னையிலிருந்து ஒருவரை ஜோஷ்வாவின் இடத்துக்கு எடுக்கும் யோசனையில் இருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். துக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். துக்கம் இருந்தது. அதோடு எனக்கு அந்த வேலையும் தெரிந்திருந்தது. ஜோஷ்வாவின் லேப்டாப்பைத் திறந்து, பெட்டிக்குள் எத்தனை மென்பொருள் போகிறது, அதில் எவையெல்லாம் நாங்களே எழுதியவை, எவை வெளியிலிருந்து எடுத்தவை என்று அவருக்குக் காட்டினேன். அரை மணி நேரம் கேட்டார். பிறகு சென்னை ஆளுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜோஷ்வா எழுதியதில் பாதி நிரல் என்றால் மீதி விவரம். பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சிறு கோப்பு உண்டு. ரெசிபி என்போம். இதன் பெயர் இது, பதிப்பு இது, மூலநிரல் இன்ன இடத்தில் கிடைக்கும், இறக்கியபின் சரிபார்க்க வேண்டிய எண் இது, இது வேலை செய்ய இன்னின்னவை முன்னால் வேண்டும், இதில் நாங்கள் செய்த திருத்தங்கள் இந்தப் பேட்ச் கோப்புகளில் இருக்கின்றன, பெட்டியில் இதை இந்த இடத்தில் வை. அந்த மொழியில் 'செய்' என்று சொல்வது குறைவு. 'இது இப்படி' என்று சொல்லிவைப்பதுதான் அதிகம். கட்டும் மென்பொருள் ஒன்று சொன்னதையெல்லாம் படித்து, எதற்கு முன் எது என்று தானே வரிசைப்படுத்தி, மூலநிரலை இறக்கி, ஒரு வேலை ஃபோல்டரில் போட்டுக் கட்டி, கடைசியில் பெட்டிக்கான ஒரே கோப்பாகத் தந்துவிடும். அந்த வேலை ஃபோல்டர் தற்காலிகமானது. எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம், மறுபடி தானாக உருவாகும் என்பதால் யாரும் அதைப் பேக்கப்பில் சேர்ப்பதில்லை. நாங்களும் சேர்க்கவில்லை.

வேலை ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் காலியிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஜோஷ்வாவின் சட்டம். அப்படிக் கட்ட முடியாதது ரெசிபி இல்லை, அதிர்ஷ்டம் என்பார். புதிதாகச் சேர்ந்தவர்களை இதைச் சொல்லியே அழவைத்திருக்கிறார்.

அந்தச் சமயம் ராஜாராம் புதிதாக எட்டுப் பெட்டி கேட்டிருந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லை விட்டுவிட்டு இறாலுக்கு வந்தவர். சதுரங்கப்பட்டினம் தாண்டிக் கால்வாய் ஓரம் அவருடைய பழைய பண்ணையில் எங்கள் பெட்டிகள் பதினான்கு ஓடுகின்றன. அதற்குத் தெற்கே இன்னும் எட்டுக் குளம் வெட்டியிருந்தார். பழைய பலகை இப்போது கிடைப்பதில்லை. புதுப் பலகையில் சிப் வேறு. அதற்கான விவரங்களையெல்லாம் நானே எழுத வேண்டியிருந்தது.

மூன்று வாரத்தில் எழுதி முடித்தேன். கட்டுவதற்கு முன் ஜோஷ்வாவின் சட்டப்படி எல்லாவற்றையும் அழித்தேன். 'உறுதியா?' என்று கேட்டது. உறுதி என்றேன். நான்கு மணி நேரம் ஓடி, ஒரு பிழைகூட இல்லாமல் கட்டி முடித்தது. அன்றைக்கு மாலை ரயிலில் செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை புதுக் குளங்களில் பெட்டிகளை மாட்டினோம். சனிக்கிழமை காலையில் இறால் குஞ்சு வருவதாக இருந்தது. மாட்டிவிட்டு மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. குளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேண்டா பேசினாள். என் வயதுதான் இருக்கும். ராஜாராமின் பண்ணையில் முதல் குளம் வெட்டியதிலிருந்து இருப்பவள்.

"இன்னா மேடம், உங்க புது பொட்டி பழைய ஆட்டோ மாரி இருமிகினு கீது. போடுது, நிக்குது. போடுது, நிக்குது. மோட்டார் புகைஞ்சா எங்க மொதலாளி என்னத்தான் கேப்பாரு."

அடுத்த பேருந்தைப் பிடித்துத் திரும்பிப் போனேன். அவள் சொன்னது சரி. ஆக்சிஜன் குறைந்தால் பெட்டி மோட்டாரைப் போட்டது. போட்ட இருபதாவது நொடி ஆக்சிஜன் ஏராளம் என்று நினைத்து நிறுத்தியது. நிறுத்தியதும் குறைவு என்றது. மறுபடி போட்டது. பத்து நிமிடத்தில் பதினெட்டு முறை எண்ணினேன். ஒரு மோட்டாரில் கை வைக்க முடியாத சூடு.

பக்கத்திலேயே பழைய பண்ணையில் பதினான்கு பெட்டிகளும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

"அதுவும் மொதல்ல இப்படித்தான் பண்ணிச்சு," என்றாள் வேண்டா. "உங்க வூட்டுக்காரரு வந்து ரெண்டு நாளு இங்கயே குந்திகினு சரி பண்ணாரு. அந்த வெள்ளிக்கெழமதான் போனாரு." அவர் மறுநாள் காலை மறைமலைநகர் சர்வீஸ் ரோட்டில் இறந்தார் என்பது அவளுக்குத் தெரியும். சாவுக்கு வர நினைத்ததாகவும் குளத்தை விட்டு வரமுடியவில்லை என்றும் சொன்னாள். அவரே இருந்திருந்தாலும் குளத்தைப் பார் என்றுதான் சொல்லியிருப்பார் என்றேன்.

அந்தப் பண்ணைக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அளவுக் கருவியிலிருந்து ஆக்சிஜன் அளவை வாங்கும் மென்பொருள் வெளியிலிருந்து எடுத்தது. அதற்கான ரெசிபியில் எங்கள் திருத்தம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. பேட்ச் கோப்பே இல்லை. ஜோஷ்வா குளத்தங்கரையில் உட்கார்ந்து, அவசரத்தில், நேரே வேலை ஃபோல்டருக்குள் இருந்த நிரலில் கைவைத்துத் திருத்தியிருக்கிறார். அந்த ஒன்றை மட்டும் கட்டிப் பதினான்கு பெட்டியிலும் ஏற்றியிருக்கிறார். திங்கட்கிழமை அதைப் பேட்சாக எடுத்து ரெசிபியில் சேர்க்கலாம் என்று இருந்திருப்பார். இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு. அவருக்குத் திங்கட்கிழமை வரவில்லை. அந்த ஃபோல்டரை, அவர் சொல்லிக்கொடுத்த சட்டப்படி, உறுதி என்று சொல்லி, நான்தான் அழித்தேன்.

அவர் கடைசியாக எழுதியது அது.

வேண்டா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று நான் அழவில்லை. சனிக்கிழமை குஞ்சு வருகிறது. அழிந்ததை நினைத்து அழுவதற்கு அதன் பிறகு எவ்வளவோ நாள் இருந்தது.

போனில் தாமோதரனிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஜோஷ்வாவைத்தான் கொஞ்சம் திட்டினார். பழைய பெட்டியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துப் புதியதில் போட்டுவிடலாமே என்றார். சிப் வேறு, ஓடாது என்றேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடியாவிட்டால் ராஜாராம் எட்டுப் பெட்டியையும் கழற்றிவிட்டுக் கையால் மோட்டார் போட ஆள் வைப்பார், பழைய பதினான்கும் பின்னாலேயே திரும்பி வரும் என்றார். அது எனக்கும் தெரியும்.

ஜோஷ்வா என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளே பார்க்காமல் ஒரு பெட்டியிடம் கேள்வி கேட்பது எப்படி என்று தெரியும். ஒன்பது வருடம் அதைத்தான் செய்தேன். புதன்கிழமை காலை பழைய பண்ணையிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றி வரச் சொன்னேன். புதுக் குளத்தில் ஒரே கம்பத்தில் பழையது ஒன்று, புதியது ஒன்று, இரண்டின் கருவியும் ஒரே ஆழத்தில் தொங்க, ஒரு மோட்டார்.

முதல் கேள்வி: மோட்டார் ஓடத் தொடங்கியதும் என்ன செய்கிறாய்? புதியது இருபது நொடியில் நிறுத்தச் சொன்னது. பழையது அசையவே இல்லை. போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். சரியாகத் தொண்ணூறு நொடி வரை அதன் திரையில் எண் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் மாறியது. மறுபடி, தொண்ணூறு. மறுபடி, தொண்ணூறு.

இரண்டாவது கேள்வி: ஒரே ஒரு எண் மட்டும் தப்பாக வந்தால்? கருவியைச் சட்டென்று தண்ணீருக்கு வெளியே எடுத்துத் திரும்ப விட்டேன். புதியது பதறியது. பழையது கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம் கூடுதல் நேரம் வெளியே பிடித்தேன். நான்காவது அளவில் அது ஒப்புக்கொண்டது. அப்படியென்றால், கடைசி ஏழு அளவை வரிசைப்படுத்தி நடுவில், நான்காவதாக, இருப்பதை நம்புகிறது. இதை வேறு ஒரு கருவிக்கு ஜோஷ்வா முன்பே எழுதியிருக்கிறார். அவருடைய கை எனக்குத் தெரியும்.

மதியத்துக்குள் அவர் செய்தது இரண்டும் கைக்கு வந்துவிட்டது. எழுத ஒரு மணி நேரம்கூட ஆகாது. கொட்டகையில் உட்கார்ந்து எழுதி, பேட்சாக எடுத்து, ரெசிபியில் சேர்த்து, கட்டி, புதுப் பெட்டியில் ஏற்றினேன். மோட்டார் ஓடியது. தொண்ணூறு நொடி பொறுத்தது. தொண்ணூற்றைந்தாவது நொடி நிறுத்தச் சொன்னது.

கணக்குத் தப்பா, நிரல் தப்பா என்று பழைய பெட்டியைப் பார்த்தேன். அதுவும் தொண்ணூறுக்குப் பிறகு நிறுத்தத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் நான் நேரத்தை மட்டும் பார்த்தேன். அந்த நேரத்துக்குப் பிறகு அது என்ன சொன்னது என்று பார்க்கவில்லை. சோதிப்பவள் செய்யக்கூடாத தப்பு. பழைய குளத்தில் சரியாக இருக்கும் பெட்டியே புதுக் குளத்தில் தவறியது.

கரையில் நின்றிருந்த வேண்டா சிரித்தாள்.

"நொற இன்னும் கம்பத்த தாண்டல. அதுக்குள்ள அளந்தா அது பொய்தான் சொல்லும்."

எதைச் சொல்கிறாள் என்று கேட்டேன். கையில் பிடிக்கும் மீட்டரால் அளக்கும்போது அவர்கள் செய்வதைச் சொன்னாள். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் நுரை கிளம்பிக் கரையோரமாக வரும். அளக்கும் கம்பத்தைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நிற்கும். நுரைக்குள் மீட்டரை வைத்தால் காற்றைத்தான் அளக்கும், தண்ணீரை அளக்காது. நுரை கம்பத்தைத் தாண்டிப் போனபிறகுதான் மீட்டரை விடுவார்கள். பண்ணையில் எல்லோரும் அப்படித்தான். யாரும் எழுதிவைத்ததில்லை, எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை.

"அவரும் இதான் கேட்டாரு. ரெண்டு நாளு என்ன எண்ண சொல்லி எண்ண சொல்லி வாய் வலிச்சிபோச்சு. அங்க தொண்ணூறு வந்திச்சு. இங்க கொளம் பெருசு மேடம், சக்கரமும் பெருசு. காத்து வேற எதுக்கால வருது. தொண்ணூறு எப்படி பத்தும்?"

தொண்ணூறு என்பது ஜோஷ்வா யோசித்துக் கண்டுபிடித்த எண் இல்லை. ஒரு குளத்தில் வேண்டா எண்ணிச் சொன்னது. அவசரத்தில் அதை அப்படியே நிரலுக்குள் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை உட்கார்ந்திருந்தால் நானே எதிர் மேசையிலிருந்து கேட்டிருப்பேன்: எல்லாக் குளத்துக்கும் தொண்ணூறா? பாத்திரம் கழுவும்போது மறுத்திருப்பார்.

வியாழக்கிழமை முழுவதும் வேண்டாவும் நானும் எட்டுக் குளத்தின் கரையிலும் நடந்தோம். அவள் நுரையைப் பார்ப்பாள், நான் நேரத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு குளத்திலும் மூன்று முறை. நூற்றிப்பத்தும் வந்தது, நூற்றி நாற்பதும் வந்தது. மூலையில் இருந்த எட்டாவது குளத்தில் நுரை கம்பத்தைத் தாண்டவே இல்லை. சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றது. இது எத்தனை என்று எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, கம்பத்தைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டால் போயிற்று என்றாள். அப்படியே செய்தோம். நூற்றி இருபது.

அன்று மாலை பேட்சைத் திரும்ப எழுதினேன். நிரலுக்குள் எந்த எண்ணும் இல்லை. எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதைத் தனியாக ஒரு கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும். அந்தக் கோப்பு, குளத்துக்கு ஒன்றாக, ரெசிபியோடு கூடவே இருக்கும். எந்தப் பண்ணை, எந்தக் குளம் என்று சொல்லிவிட்டால் அதற்கு உரியதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடும்.

பேட்ச் கோப்பின் தலைப்பில் எழுதியவர் பெயருக்கு ஒரு வரி உண்டு. முதலில் ஜோஷ்வாவின் பெயரைத்தான் அடித்தேன். பிறகு அழித்தேன். நாளைக்கு இதில் ஒரு குறை வந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். ஹெலன் என்று எழுதினேன். கீழே விளக்கம் எழுதும் இடத்தில், இந்தக் குறையை முதலில் கண்டு சரிசெய்தவர் ஜோஷ்வா என்றும், பொறுக்க வேண்டிய நேரம் குளத்தங்கரையில் வேண்டா எண்ணிச் சொன்னது என்றும், நுரை கம்பத்தைத் தாண்டும் வரை அளக்கக்கூடாது என்றும் எழுதினேன். பண்ணையில் எழுதப்படாமல் இருந்தது எங்கள் ரெசிபியில் எழுதப்பட்டது.

எல்லாவற்றையும் அழித்தேன். 'உறுதியா?' என்றது. ஒரு நிமிடம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உறுதி என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எட்டுப் பெட்டியும் தயார். ராஜாராம் வந்து ஒவ்வொரு கரையிலும் நின்று பார்த்தார். கொட்டகைக்குப் போய், போனில் குஞ்சுக்காரரிடம் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று விசாரித்தார். சனிக்கிழமை காலையில் குஞ்சு இறங்கியது.

திங்கட்கிழமை தாமோதரனிடம் பழைய பண்ணைக்குப் போக வேண்டும் என்றேன். பதினான்கு பெட்டியிலும் பழைய பலகைக்குப் புதிதாகக் கட்டியதை ஏற்ற வேண்டும். அவர் வேண்டாம் என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஓடிகினு கீறத ஏம்மா தொடறே? அவன் கடைசியா பண்ணது அதுல மட்டும்தான் கீது. வுட்டுடு. அது பாட்டுக்கு ஓடட்டும்."

"அதனாலதான் சார் தொடறேன். அதுல ஒண்ணு கெட்டுப்போனா திரும்பக் கட்ட நம்மால முடியாது. உள்ள இன்னா கீதுன்னு கேக்க ஆளு இல்ல. அப்படி ஒரு பொட்டிய குளத்தங்கரையில வுட்டுட்டு வர அவரே ஒத்துக்க மாட்டாரு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினான்கில் ஒன்றையாவது நான் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், ராஜாராமுக்கு வேறு பெட்டி தந்துவிடலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஓடுகிற பெட்டி குளத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். ஒரு பெட்டிக்கு ஆறு நிமிடம். பழையது அழிந்து, புதியது ஏறி, சரிபார்த்து, பெட்டி அணைந்து எழும். வேண்டா பின்னாலேயே வந்து ஒவ்வொரு கரையிலும் நின்று, ஏறியதும் மோட்டாரைப் போடச் சொல்லி நுரையைப் பார்த்தாள். இரண்டு குளத்தில் தொண்ணூறு போதவில்லை என்றும், கடைசிக் குளத்துக்கு எண்பத்தைந்தே போதும் என்றும் சொல்லித் திருத்தவைத்தாள். அவருடைய பெட்டி இத்தனை நாள் அந்த இரண்டு குளத்தில் கொஞ்சம் முந்தியே அளந்துகொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. இறால் பிழைத்துக்கொண்டது.

பதினான்காவது பெட்டியை ஏற்றும்போது வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது. திரை அணைந்தது. சில நொடி கறுப்பாகவே இருந்தது. பிறகு வரிகள் ஓடி, குளத்தின் எண்ணும், அதற்கு உரிய நேரமும் வந்து நின்றன: எண்பத்தைந்து. மோட்டார் சுற்றியது. நுரை கிளம்பிக் கம்பத்தை நோக்கி வந்தது, மோதியது, மெல்ல ஒதுங்கி மதகுப் பக்கம் போயிற்று. அதன் பிறகுதான் பெட்டி முதல் அளவை எடுத்தது. ஆக்சிஜன் நான்கு புள்ளி இரண்டு, இன்னும் போதாது. மோட்டாரை நிறுத்தவில்லை.

"சரியா கீது," என்றாள் வேண்டா. "சாப்புட்டு போ ஹெலன்."

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துவிட்டு அவளோடு கொட்டகைக்குப் போனேன்.